அட்டையில் இல்லாத வரி

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது. மை திட்டுத்திட்டாக இறங்கவில்லை. தாளும் வழவழப்பாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஓர் எழுத்தரை அமர்த்துவதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்றேன். ஐம்பத்திரண்டு வயது வரை எனக்காகப் பிறர்தாம் எழுதினார்கள். நான் அடியில் பெருவிரலைப் பதித்தேன். ஆகவே இதையாவது என் கையால் எழுத இசைந்தமைக்கு நன்றி, ஐயா.

நான் ஒரு மருந்துக் கிடங்கின் வண்டியை இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டியவன். கடைகளின் பெயர்ப்பலகைகளை அவற்றின் நிறத்தைக் கொண்டே அறிந்திருந்தேன். ஒரு கடைக்காரர் பலகைக்குப் புது வண்ணம் பூசிய வாரத்தில் அவருடைய பெட்டிகளை மூன்று தெரு தள்ளி இறக்கிவிட்டு வந்தேன். மற்றபடி என் வேலையில் எவரும் குறை கண்டதில்லை.

மனைவி இறந்த பின்பு, தங்கை குடும்பம் இருக்கும் வீட்டின் மாடியில் ஓர் அறையில் வசித்து வருகிறேன். கீழ்த்தளத்தில் தங்கையும் அவள் கணவரும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பிறர் எழுதிய கோப்புகளில் சிவப்பு மையால் பிழை திருத்துவது அவர் தொழில். அவர் கெட்டவர் அல்லர். மச்சானைக் கேலி செய்யும் உரிமை மாப்பிள்ளைக்கு உண்டு. அந்த உரிமையை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை, அவ்வளவுதான்.

தங்கைக்குப் பிரசவ வலி கண்ட அன்று நான் ஆரஞ்சுப் பழங்களுடன் மருத்துவமனைக்குப் போனேன். ஒரு கதவின் முன் பெஞ்சு போட்டிருந்தது. ஒரு மணி நேரம் அங்கே அமர்ந்திருந்தேன். அது பிணவறை. கதவின்மேல் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததாம். அந்தக் குழந்தைக்கு இப்போது இருபது வயது, வெளியூரில் படிக்கிறாள். வீட்டிற்கு யார் வந்தாலும் மாப்பிள்ளை என்னை அறிமுகப்படுத்தும் விதம் மட்டும் மாறவில்லை.

"இவரு எங்க மச்சான். பிரசவத்துக்குப் பிணவறை வாசல்ல பழத்தோட காத்துக்கிட்டிருந்த மகராசன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தங்கை மட்டும் சிரிக்க மாட்டாள். "உங்களுக்கு வேற கதையே கிடைக்கலையா?" என்று கணவரை அதட்டிவிட்டு எனக்கு ஒரு குவளைத் தேநீர் கூடுதலாகத் தருவாள்.

ஐம்பத்திரண்டாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். வரிகள் கண்ணுக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதாகச் சொன்னபோது, ஆசிரியை ஓர் இரும்பு அளவுகோலைக் கொடுத்தார். படிக்கும் வரிக்குக் கீழே அதை வைக்க வேண்டும். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறக்க வேண்டும். அளவுகோலுக்குக் கீழே இருப்பவை அந்த நேரத்தில் இல்லாதவை. இந்த முறையில் நான் முதன்முதலாக முழுவதும் படித்து முடித்த நூல், தங்கை வீட்டுக் காரின் கையேடு ஆகும்.

தங்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். மாப்பிள்ளை ஓட்ட மாட்டார். பக்கத்தில் அமர்ந்து ஆலோசனை கூறுவார். தங்கை நன்றாகவே ஓட்டினாள். ஆனால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் வண்டியை ஓரம்கட்டிவிடுவாள். எனக்கு உடனே போன் வரும். "அண்ணா, மஞ்சள்ல ஒரு ஆச்சரியக்குறி எரியுதுண்ணா." டயரில் காற்றுக் குறைவு என்பேன். "அண்ணா, நீலமா ஒண்ணு." முகப்பு விளக்கின் தூர ஒளி போட்டிருக்கிறாய், அணைத்துவிடு என்பேன். ஆகவே அவளுக்காக ஓர் அட்டை எழுதினேன். நீலமும் பச்சையும் செய்தி சொல்பவை. மஞ்சள் விரைவில் கவனிக்கச் சொல்வது. சிவப்பு உடனே வண்டியை நிறுத்தச் சொல்வது. ஒவ்வொரு விளக்கின் படத்தையும் வரைந்து, எதிரே செய்ய வேண்டியதை எழுதினேன். நான்கு மாலைகள் பிடித்தன.

தங்கை அதைப் பார்த்து அழுதுவிட்டாள். மறுநாளே கடைக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறை ஒட்டி வந்தாள். மாப்பிள்ளை அதை மேசைமேல் வைத்து, கையில் சிவப்புப் பேனாவுடன் பத்து நிமிடம் பார்த்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"பரவாயில்லை மச்சான்" என்றார்.

இருபது ஆண்டுகளில் அவர் பிணவறையைச் சேர்க்காமல் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அந்தச் சொல்லை நான் எவ்வாறு வைத்துக்கொண்டேன் என்பதை நீங்கள் அறிந்தால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

அட்டையில் பிழை இருந்தது. வெப்பமானியின் படம் சிவப்பில் எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறக்க வேண்டும் என்பதோடு கையேட்டில் அந்தப் பக்கம் முடிவதாக எண்ணினேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியின் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, குறைந்திருக்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதினேன். முதல் பக்கத்தின் அடியில் கடைசியாக இன்னும் ஒரு வரி இருந்தது: இன்ஜின் முழுவதும் ஆறும்வரை காத்திருக்கவும், சூடாக இருக்கையில் மூடியைத் தொடக் கூடாது. அதன்மேல் அளவுகோல் கிடந்தது.

இது அறியாமல் நேர்ந்தது. இதுவரை நான் குற்றமற்றவன் என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

இனி எனக்கு அளவுகோல் தேவையில்லை என்று ஆசிரியை ஒரு நாள் அதை வாங்கிக்கொண்டார். சான்றிதழ் வழங்கும் விழாவில் மாணவர்கள் சார்பாகப் பேச என்னையே தேர்ந்தெடுத்திருந்தார். அட்டை எழுதிய அனுபவத்தைப் பேசலாம் என்று கையேட்டை மீண்டும் எடுத்தேன். அளவுகோல் இன்றிப் படித்தபோது அந்த வரி தானாகவே கண்ணில் பட்டது. விழாவுக்கு அப்போது பத்தொன்பது நாள்கள் இருந்தன.

அந்த வரியின் பொருளை எவரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள தழும்பை முதல் நாளே பார்த்தீர்கள். இருபத்து மூன்று வயதில் ஒரு லாரியின் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திருகினேன். மூடியினுள் அடைபட்ட நீர், கொதிக்க வேண்டிய சூட்டைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி தளர்ந்ததும் அது முழுவதும் ஒரே மூச்சில் ஆவியாகி மேலே பாயும். கையை இழுக்க நேரம் இருக்காது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன். தோல் புண்ணை விட்டுப் பிரியும்போது எழும் ஓசை எனக்குத் தெரியும்.

அட்டையைத் திருத்தியிருக்கலாமே என்று கேட்டீர்கள். உறை ஒட்டிய அட்டையில் எழுத முடியாது. கிழித்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும். ஏன் கிழித்தாய் என்று தங்கை கேட்பாள். மாப்பிள்ளை கேட்க மாட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார். அதன்பின் வீட்டிற்கு வருபவர்களுக்குச் சொல்ல அவரிடம் இரண்டு கதைகள் இருக்கும்.

ஆகவே வேறு வழி கண்டேன். அந்த விளக்கே எரியாமல் பார்த்துக்கொண்டால் அந்த வரி தேவைப்படாது. காரின் குழாய் இணைப்பு ஒன்றில் சிறு கசிவு இருந்தது. புதுக் குழாய் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை தினமும் கூலன்ட் அளவைப் பாருங்கள் என்று மெக்கானிக் என்னிடம் சொல்லியிருந்தார். நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர்களும் பானெட்டைத் திறப்பார்கள், அட்டையைப் படிப்பார்கள். காலை ஆறு மணிக்கு, இன்ஜின் குளிர்ந்திருக்கையில், கீழே இறங்கி, தொட்டியில் இரு கோடுகளுக்கு இடையே அளவு நிற்கிறதா என்று பார்த்து, அரைக் குவளை ஊற்றிவிட்டு மாடி ஏறுவேன். ஒரு நாள் தங்கை பார்த்துவிட்டாள்.

"என்னண்ணா, விடிஞ்சும் விடியாம வண்டிக்குப் பால் ஊட்டுறியா?"

"சும்மா துடைச்சேம்மா."

"உன்னை மாதிரி அண்ணன் யாருக்கு இருக்கு" என்றாள். பதினெட்டு நாள்கள் ஒரு குறையும் இல்லாமல் கழிந்தன.

பத்தொன்பதாம் நாள் விழா. நான் முன்னதாகவே பேருந்தில் போக வேண்டும். அவர்கள் பத்து மணிக்குக் காரில் வருவதாக ஏற்பாடு. ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது, கசிவு பெருகியிருந்தது. புட்டி கையில் இருந்தது. நான் புது வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன். கூலன்ட் பச்சை நிறம். பட்டால் கறை போகாது. அரங்கம் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று எண்ணினேன். பானெட்டை ஓசைப்படாமல் மூடினேன்.

முன்வரிசையில் ஆசிரியைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தபோது போன் அடித்தது. தங்கை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சாலையின் இரைச்சல் கேட்டது.

"அண்ணா, சிவப்புல வெப்பமானி எரியுதுண்ணா. ஓரமா நிறுத்திட்டேன். பானெட்டும் தூக்கியாச்சு. உடனே மூடியைத் திறந்து ஊத்தணும்னு அட்டைல இருக்கு. இவரு வேணாங்கறாரு."

"மச்சான், புகையா வருது" என்றார் மாப்பிள்ளை. "இப்பப் போய்த் திறக்கலாமா? ஆறட்டும்னு எனக்குத் தோணுது. உங்க அட்டைல ஒரு வரி விட்டுப்போயிருக்கும் போல." பிறகு சிரித்தார். "மறுபடியும் தப்பான கதவு முன்னாடி உட்கார்ந்துட்டீங்களா மச்சான்?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க. இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவரு எங்கண்ணன். உங்களுக்கு என்ன தெரியும்? அண்ணா, நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்."

மேடையில் என் பெயரை அறிவித்தார்கள். ஆசிரியை என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் ஒன்றை அப்போது தெளிவாகவே உணர்ந்தேன்: மாப்பிள்ளை அந்த அட்டையை ஒருபோதும் நம்பப் போவதில்லை. மூடியைத் திறக்கப் போவது, என்னை நம்புகிறவள்தான். ஆறட்டும் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தச் சொல்லை அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

"அட்டைல போட்டிருக்கிறபடி செய்யும்மா" என்றேன்.

"கேட்டீங்களா?" என்று அவள் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது. அவள் குரலில் பெருமை இருந்தது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அட்டையில் இல்லை. அழைப்பைத் துண்டித்து, போனின் ஒலியை நிறுத்தினேன்.

மேடையில் ஏழு நிமிடம் பேசினேன். சட்டைப்பையில் போன் ஒன்பது முறை அதிர்ந்தது; எண்ணிக்கொண்டே பேசினேன், ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அட்டையின் வாசகங்களையும் அவையோருக்குச் சொன்னேன். ஆசிரியை எடுத்த ஒளிப்பதிவை நீங்கள் எனக்குப் போட்டுக்காட்டினீர்கள். அதில் நான் அந்த வரியை விடாமல் சொல்கிறேன். இன்ஜின் முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்று விரலை உயர்த்திக்கூடச் சொல்கிறேன். எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். மேலே எழுதியுள்ளேன்.

தங்கை உங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் திறக்க வேண்டாமென்றுதான் சொன்னார், நான்தான் அவசரப்பட்டேன் என்று வாக்குமூலம் தந்திருக்கிறாள். அவளைப் பிடித்து இழுக்கப்போய்க் கை வெந்த மாப்பிள்ளை சொன்னதை நீங்கள் பாதிதான் நம்பினீர்கள். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் வீட்டிற்கு அனுப்பியிருப்பீர்கள். ஆனால் அவளுடைய வாக்குமூலத்தில் உண்மைக்கு மாறான ஒரு வரி இருக்கிறது. எழுத்தில் பிழை நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்: திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே, திறக்கச் சொன்னவன் நான்.

அவளுக்கு நான் தீங்கு நினைத்ததில்லை. இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விசாரிக்கலாம். இடது கண் போய்விட்டதென்றும், வலது கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நேற்று நீங்கள் தந்த தாள்களில் ஒன்றை மிச்சப்படுத்திப் புதிய அட்டை எழுதியிருக்கிறேன். விடுபட்ட வரியை அதன் இடத்தில் சேர்த்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம், தங்கையிடமே சேர்த்துவிடுங்கள். முதலில் அவள்தான் படிக்க வேண்டும். எழுத்துகளை இம்முறை பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.