காலண்டரில் ஏழு டிக்

— இழுங்க.

— இழுத்துக்கிட்டுதானே இருக்கேன்? ஜெனரேட்டர் கயித்தோட விளையாடிட்டா இருக்கேன்?

— வலது கையால இழுங்களேன். இடது கையால போய்...

— இதுவும் கைதான். இதோ... பிடிச்சிடுச்சு பாரு!

— ஐயோ, சோக்கைத் திறக்காதீங்க!

— திறக்காம எப்படி... ப்ச்.

— போச்சு. சோக்கை மூடினா ஓடுது, திறந்தா ரெண்டு உறுமு உறுமிட்டு நின்னுடுது. இது நாலாவது தடவை. மணி ஒன்பது ஆகுது. பத்துக்குக் கரண்டை நிறுத்தினா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் விடுவாங்க.

— தெரியும்.

— இன்குபேட்டர்ல நூத்தி இருபது முட்டை. இன்னைக்கு இருபதாம் நாள். உள்ள குஞ்சுங்க ஓட்டைக் கொத்துற சத்தம்கூட கேக்குது. ஏழு மணி நேரம் சூடு இல்லேன்னா...

— தெரியும்னு சொன்னேன்ல?

— உங்க தம்பியைக் கூப்பிடலாமா? அவரோட மெக்கானிக் பட்டறை ரெண்டு தெரு தள்ளித்தானே...

— அவன் பேச்சை எடுக்காத! அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனவன். மூணு வருஷமா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல.

— சரி சரி, கத்தாதீங்க. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். சும்மா கிடந்த ஜெனரேட்டர்னா மக்கர் பண்ணும். இதை நீங்க மாசா மாசம் முதல் ஞாயிறு பத்து நிமிஷம் ஓட்டுறீங்களே?

— ம்... ஓட்டுறேன்.

— காலண்டர்ல ஏழு டிக் இருக்கு.

— இருக்குல்ல? அப்புறம் என்ன?

— அப்புறம் பெட்ரோல் ஏன் இப்படி நாறுது? மோந்து பாருங்க, பழைய வார்னிஷ் டப்பா மாதிரி. டேங்க்கும் ரொம்பி நிக்குது. ஏழு மாசத்துல இது ஒண்ணுமே குடிக்கலையா?

— பத்து நிமிஷம்தானே... எவ்வளவு குடிச்சிடப்போகுது?

— அதுவும் சரிதான். போன மாசம்கூட ஓட்டினீங்க, கோழிக் கொட்டகையில இருந்து கேட்டேனே.

— என்னது... கேட்டியா?

— தடதடன்னு. அதுக்கு முந்தின மாசமும்தான். ஏன் இப்படி முழிக்கிறீங்க?

— இல்ல... சத்தம் நல்லா இருந்துச்சா?

— ஓட்டினவர் நீங்க, என்னைக் கேக்குறீங்க!

— நிச்சயமா இதோட சத்தம்தானா? பக்கத்து வீட்டுல ஏதாவது...

— பக்கத்து வீட்டுல ஏதுங்க ஜெனரேட்டர்? உங்களுக்கு என்ன ஆச்சு?

— தெரியல. எனக்கே தலை சுத்துது.

— தள்ளுங்க. பெட்ரோல் குழாயை மூடிட்டு அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் குடுங்க.

— ஏய், கார்புரேட்டர்ல கை வைக்காத!

— கிண்ணத்தைப் பிடிங்க. பாருங்க, அடியில பச்சையா பிசுபிசுன்னு படிஞ்சிருக்கு. இதுதான் ஜெட். நடுவுல ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கணும்... வெளிச்சமே தெரியல, அடைச்சிருக்கு.

— இரு, குண்டூசி எடுத்துட்டு வரேன்.

— குண்டூசி வேண்டாம், ஓட்டை பெரிசாயிடும். பழைய வயரை உரிச்சு ஒரே ஒரு செம்பு இழை குடுங்க.

— ...இந்தா. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— செல்போன்ல பார்த்தேன்.

— செல்போன்ல பார்த்ததுக்கா கை இவ்வளவு சுத்தமா வேலை செய்யுது?

— ஜெட்டைத் திரும்ப மாட்டி, டேங்க்குல இருந்த பழசையும் வடிச்சிட்டேன். நம்ம ஸ்கூட்டர்ல இருந்து பெட்ரோல் எடுத்து ஊத்துங்க. மணி என்ன?

— ஒன்பது அம்பது... ஊத்திட்டேன்.

— இழுங்க. வலது கையால!

— ஆ... அம்மா!

— என்னங்க? தோளா?

— தூக்கவே முடியலடி. எட்டு மாசம் முன்னாடி இந்தக் கயிறு சுண்டி விட்டுச்சு. அதுக்கப்புறம்...

— அதுக்கப்புறம்?

— இதைத் தொடவே இல்ல. டிக் மட்டும் போட்டேன். சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே, ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு... பயமா இருந்துச்சு.

— அட மனுஷா!

— அப்புறமா திட்டு. முதல்ல நீ இழு.

— நகருங்க... ஹா!

— பிடிச்சிடுச்சு! சோக்கைத் திற... மெதுவா... ஓடுது! உறுமாம ஓடுது!

— வயரை மாட்டுங்க, வயரை!

— மாட்டிட்டேன். இதோ, வீட்டுல கரண்டும் போயிடுச்சு. இன்குபேட்டர் விளக்கு எரியுது... சூடு முப்பத்தேழரை டிகிரியிலயே நிக்குது.

— அப்பாடா...

— ஆமா, நான்தான் ஏழு மாசமா ஓட்டவே இல்லையே. அப்போ நீ கொட்டகையில கேட்டது எந்தச் சத்தம்?

— முதல்ல குஞ்சுங்களைப் பார்ப்போம், வாங்க.

— உன்னைத்தான் கேக்குறேன்.

— நான் அந்த ஞாயிறெல்லாம் கொட்டகையில இருந்ததே இல்லைங்க. பின்வாசல் வழியா உங்க அம்மாவைப் பார்க்கப் போயிடுவேன்... ஜெட்டைக் கழட்ட உங்க தம்பிதான் கத்துக்குடுத்தார். "மிஷின் நின்னாலும் அண்ணன் என்னைக் கூப்பிடமாட்டான், நீங்களாவது கத்துக்கோங்க அண்ணி"ன்னு.