வராத பதினாலு குழல்கள்

— டச்சுக்காரன் காலம்லாம் இல்ல டீச்சர். இந்தக் கோயில் ஆர்கன் லண்டன்ல செஞ்சது. உள்பலகையில காகிதம் ஒட்டியிருக்கு பாருங்க, ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்திமூணு.

— பாதிரியார் இதுக்கு எரநூறாவது வருச விழான்னு நோட்டீசே அடிச்சுட்டாரே, ஜீவமணி.

— பாளையங்கோட்டையிலேருந்து ரிப்பேருக்கு வந்தவன் சொன்னான்னு சொல்லிருங்க. இதுக்கு வயசு எழுவத்திநாலுதான். கொழும்புல எறக்கித் தோணியில இங்க வந்திருக்கு. கீழ இன்னொரு வரி, கேட்டியளா: ‘பதினாலு குழல் அடுத்த கப்பலில் வரும். இடம் மட்டும் விடப்பட்டுள்ளது.’

— இன்னொரு தடவ வாசி.

— வாசிக்க என்ன இருக்கு? அந்தக் குழலுவ வரவேயில்ல.

— வந்திருக்கும். நீ எப்படிச் சொல்லுத?

— மேல் பலகையில ஓட்டை இருக்கு. கீழ் பலகையில துளையே போடல, காத்து ஏற வழியில்ல. குழல் நின்னிருந்தா மரத்துல தடம் விழுந்திருக்கும், அதுவும் இல்ல. என்ன டீச்சர், எதுக்குக் கேக்கிறீய?

— முத்துக்குளிப்பு நடந்த வருசம். இருவது வருசமாச்சு. அப்ப புதுசா வந்த பாதிரியார் இதைத் திறந்து பாத்தாரு. பதினாலு ஓட்டை காலியா இருந்துச்சு. ஈயக்குழலைக் களவாண்டு, உருக்கி மீன்வலைக்குக் குண்டு கட்ட வித்துட்டாருன்னு ஜேசுதாசனைப் பிடிச்சாவ.

— அவரு யாரு?

— கோயில்பிள்ளை. மணியடிக்கிறது, கூட்டுறது, சாவி, எல்லாம் அவருதான். சபையை விட்டே தள்ளிட்டாவ. அவரு அம்மா செத்தப்பக்கூட கல்லறைத் தோட்டத்துல இடம் குடுக்கல. பொறவு கொழும்புக்குத் தோணி ஏறிட்டாரு.

— அடப் பாவமே! அங்க எங்கன இருக்காரு? இந்தக் காகிதத்தை நானே கொண்டுபோயிக் குடுக்கேன்.

— உலகச் சண்டை முடிஞ்ச வருசம் செத்துட்டாரு. துறைமுகத்துல மூட்டை சுமக்கையில விழுந்தாராம்.

— ஒண்ணுதான் எனக்குப் புரியல டீச்சர். அந்தக் குழலுக்குன்னு வச்ச குமிழ் இது. இழுத்தா சத்தமே வராது, ஊமை. வாசிச்ச ஆளுக்கு இது தெரியாம இருக்காது, கேட்டியளா. அப்ப யாரு வாசிச்சா?

— நாந்தான்.

— நீங்க எடுத்துச் சொல்லலையா?

— சபைக் கூட்டத்துல என்னைக் கேட்டாவ. ‘போன கிறிஸ்மஸுக்குக்கூட அந்தக் குழல்ல வாசிச்சேன், நல்லாச் சத்தம் வந்துச்சு’ன்னு சொன்னேன். ஜேசுதாசன் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு.

— உங்களை யாராவது மிரட்டினாவளா?

— எங்க அண்ணன் அப்படிச் சொல்லச் சொன்னான்னுதான் இத்தன வருசமும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். யாரும் சொல்லல தம்பி. அதுக்கு மொத வாரம் அவரு என்னையப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பியிருந்தாரு. கோயில் கூட்டுதவன் என்னையக் கேக்குறதான்னு எனக்குத்தான் கோவம்.