புல்லுக்கட்டுக்காரன்

இந்த அரபு நாட்டு யான்புவில் வெயிலைத் திட்டாத ஆள் நான் ஒருவன்தான் ஐயா. படம் பிடிக்கிறவனுக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது. தொழிலாளர் கேம்ப்பில் அடையாள அட்டைக்கு ஆட்களைப் படமெடுப்பது என் வேலை. எடுத்தால் எல்லோரும் திருடன் மாதிரியே இருப்பார்கள்.

சைட்டில் இருந்த பிரெஞ்சு இன்ஜினியர் லீவில் போகும்போது ஒரு பழைய மரக் கேமராவையும் படப் புத்தகத்தையும் என்னிடம் விட்டுப் போனார். புத்தகம் முழுக்க நூறு வருஷத்துக்கு முந்தைய பிரான்ஸ் குடியானவர்கள். புல்லுக்கட்டு சுமந்து நிற்கும் ஒருவனை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படியொரு பொறுமை. அந்தக் காலத்தில் ஆள் அசையாமலிருக்க முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பி நிறுத்துவார்களாம். இன்ஜினியர் சொன்னதுதான்.

கொத்தனார் வேலுச்சாமிக்கு அதே ஒட்டிய கன்னம், அதே மீசை. பெண்டாட்டி சரசுக்கு அனுப்ப ஒரு படம் சும்மா தருகிறேன் என்றதும், வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் கேம்ப்புக்குப் பின்னால் வந்து நின்றான். கம்பியை நட்டேன். இடுப்பு, நெஞ்சு, கை எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கட்டினேன். தலையில் காய்ந்த புல்லை ஏற்றினேன்.

"சிரிக்கவாண்ணே?"

"கூடாது. அந்த ஊர்க் குடியானவன் சிரிக்க மாட்டான்."

"அப்ப அங்கயும் மழை இல்லபோல."

நல்ல தமாஷ்காரன். அதுதான் தொந்தரவு. அந்த வெளிச்சத்துக்கு ஒரு நொடி போதும், எனக்குத் தெரியும். ஆனால் அவன் முகத்தில் பொறுமை வரவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றாமல் லாரி நிழலில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி."

"உதடு மினுங்கும்டா. பொறு."

"அவுத்து விடுண்ணே. சரசுக்குப் படமே வேணாம்."

பிறகு சரசிடமே ஏதோ பேச ஆரம்பித்தான். பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் முகம் வந்தது. மூடியைக் கழற்றினேன். ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வது என்று, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தைக் குறுக்கி, மூடியை நெடுநேரம் திறந்து வைத்து இன்னொன்றும் எடுத்தேன். மூச்சு விடுகிற ஆள் என்றால் கலங்கியிருக்கும். துளியும் கலங்கவில்லை.

கட்டிப்போட்டுக் கொன்றாய் என்கிறீர்கள். கயிறு இல்லையென்றால் அவன் எப்போதோ விழுந்திருப்பான் ஐயா. கடைசிவரை அவனைத் தாங்கிப் பிடித்தது நான்தான்.