கூலி குறையாத ஒரு மணி நேரம்

தலைமை தாங்கும் சங்கத் தலைவி அம்மா அவர்களே! மேடையை அணிசெய்யும் சுகாதாரத் துறை அதிகாரி அவர்களே! ஆலை முதலாளி அவர்களே! வேலை முடிந்த கையோடு, தோளில் நூல்துணுக்கு ஒட்டியிருக்க, இங்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! பள்ளிச் சீருடையில் நிற்கும் இச்சிறியவளின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது!

மார்பகப் புற்றுநோய்! பெயரைச் சொல்லவே நாக்கு கூசிய நோய். அதை எதிர்க்க முதலாளி பணம் தந்தார். பரிசோதனை இயந்திரம் வந்தது. அரசு ஆள் தந்தது, செவிலியர் வந்தார்கள். விழிப்புணர்வு நாளுக்காக இளஞ்சிவப்பு ரிப்பன்கள் மலைமலையாய்க் குவிந்தன. தைத்தவர் யார்? நீங்கள்! பரிசோதனைக்குப் போனவர் யார்? ஒருவரும் இல்லை! ரிப்பன் போன ஊரெல்லாம் விழிப்புணர்வு. ரிப்பன் தைத்த கைகளுக்கோ எழுந்து போக நேரமில்லை!

ஏன்? என் சித்தியைக் கேளுங்கள். இந்த ஆலையில் காலர் தைப்பவர். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் வாய் திறக்காதவர். செவிலியர் நேரில் வந்து அழைத்தபோதும் மறுத்துவிட்டார்.

"நான் எந்திரிச்சா காலர் நின்னுடும் சிஸ்டர். காலர் நின்னா பக்கத்துல சட்டைக் கை தைக்கிறவ சும்மா உக்காரணும். லைனுக்கே கூலி வெட்டு விழும். என் ஒருத்திக்காக எல்லார் வயித்துலயும் அடிக்கவா?"

இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள், இவர்கள் எழுந்து வரும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்க மறந்தார்கள். மனம் இல்லாமல் அல்ல. தையல் இயந்திரத்தின் முன் ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காததால்!

பக்கத்து இருக்கையில் கை தைப்பவர், ஆலையே 'வெடி அக்கா' என்று அழைக்கும் அக்கா. சித்தியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னடி ஒளிக்கிற?"

சித்தி அழுதுகொண்டே கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! அக்கா விறுவிறுவென்று போய் லைனின் சுவிட்சை அணைத்தார்.

"ஐயோ, டார்கெட் என்னம்மா ஆகிறது?" என்று பதறினார் சூப்பர்வைசர்.

"இவ போயிட்டா காலரை யாரு தைப்பா? உங்க மாமியாரா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அதோ, சூப்பர்வைசர் அண்ணனே சிரிக்கிறார். அன்று வியர்த்துக் கொட்டியவரும் அவர்தான்!

சத்தம் அடங்கிய கூடத்துக்கு முதலாளி விரைந்து வந்தார். அக்கா பயந்தாரா? பதுங்கினாரா? பணிந்து, ஆனால் நிமிர்ந்து சொன்னார்: "காசு குடுத்தீங்கய்யா, கும்பிடுறோம். கொஞ்சம் நேரமும் குடுங்க."

முதலாளி அவர்களே, நீங்கள் சீறியிருக்கலாம். ஆனால் சூப்பர்வைசரை அருகே அழைத்தீர்கள். பிறகு, "லைன் லைனா பரிசோதனைக்கு அனுப்புங்க. கூலியில யாரும் கை வைக்கக்கூடாது" என்றீர்கள்!

சித்தியின் கட்டி புற்றுநோய்தான். ஆனால் முளையிலேயே பிடிபட்டது. சிகிச்சைச் செலவை அரசு சுமந்தது. விடுப்புக் காலக் கூலியை ஆலை சுமந்தது. சித்தியை நாங்கள் சுமந்தோம்!

இன்று, கூலி குறையாமல் பரிசோதனைக்குப் போகும் அந்த ஏற்பாடு இந்தத் தொழிற்பேட்டையின் எல்லா ஆலைகளுக்கும்! சற்றுமுன் இதே மேடையில் கையெழுத்தானது! இது சலுகையா? இல்லை! பிச்சையா? இல்லவே இல்லை! சுவிட்சை அணைத்த ஒரு கை பெற்றுத்தந்த வெற்றி!

நேற்று மருத்துவமனையிலிருந்து திரும்பிய சித்தி வாசலிலிருந்தே கூவினார்: "சுத்தமா இருக்காம்டி! டாக்டரம்மா அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்க!" உள்ளே வந்தும் ஓயவில்லை. "அடுத்த வருஷம்டி, அடுத்த வருஷம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தாய்மார்களே! அந்த இரண்டு சொற்கள் உங்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஒலிக்கட்டும்! கேட்டருளிய செவிகளுக்கு நன்றி. இனி கேட்கத் துணியும் குரல்களுக்கு என் வணக்கம்!