வேடிக்கை பார்த்தவர்கள்

கல் பறந்து வருகிறது. ஓடுகிறோம். பின்னால் கூரை ஓடுகள் உடைகின்றன. சடசட. சடசட.

"மரத்தடிக்கு ஓடுங்க! வூட்டுக்குள்ள போவாதீங்க!"

கத்துவது சகாயமேரி அக்கா. என் பக்கத்து வீடு.

நண்பகல். சுண்ணாம்புச் சுரங்கத்தில் சங்கு ஊதினால் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வெடித்தால் எங்கள் சுவர்கள் ஆடும். அதனால் சங்கு கேட்டதும் அலமாரிப் பாத்திரங்களைத் தரையில் இறக்கிவைப்போம். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவில் வந்து நிற்போம். எங்கள் ஊர் வழக்கம் அது. அன்று வெடி பெரியது. கல் தெருவரை வந்தது. அக்கா விழுந்தாள். எழவில்லை.

நான் ஒரு நாளிதழுக்கு அரியலூர்ச் செய்திகள் எழுதுகிறவள். கையில் அவள் ரத்தம் காய்வதற்குள் செல்போனில் எழுதி அனுப்பினேன்.

மாலையில் குமரவேல் வந்தான். டிவி நிருபர். என்னோடு சேர்ந்து தொழிலுக்கு வந்தவன். எங்கள் தெருவுக்குள் அவன் வரவேயில்லை. சுரங்க வாசலில் நின்று, சுரங்கத்துக்காரர்கள் கொடுத்த தாளை வாசித்தான். 'வெடி வைப்பதை வேடிக்கை பார்க்கத் திரண்ட கிராம மக்கள்...' என்ன குரல் அவனுக்கு! சட்டையில் ஒரு தூசி இல்லை. அந்தச் சட்டைமீதுகூட எனக்குப் பொறாமை.

காலையில் என் செய்தி வந்தது. நாங்கள் ஏன் வெளியே நின்றோம் என்ற வரி மட்டும் இல்லை. திருச்சி ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"டிவில ஒண்ணு வருது, நாம ஒண்ணு போட முடியுமா? சுரங்கத்து விளம்பரமும் நமக்கு வருதுல்ல? விடும்மா."

சாவு வீட்டுக்குக் குன்னத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். அக்காவின் புருஷனிடமே கேட்டார்கள்.

"வேடிக்கை பாக்கவா போச்சு அந்தப் புள்ள?"

"இல்லங்க, நான் கூடவே நின்னேன்" என்றேன்.

"டிவில சொன்னாங்களேம்மா."

அக்காவின் புருஷன் தலை குனிந்துகொண்டார். பார்த்தவள் நான். பார்க்காதவன் அவன். சனங்கள் நம்பியது அவனை. வயிறு எரிந்தது. அவன் முகம் டிவியில் வந்தால் இன்றும் எரிகிறது.

இழந்தவை. சகாயமேரி அக்கா. அவள் மகனின் இடது கண். இரண்டு ஆடுகள். தெரு முழுக்கக் கூரை ஓடுகள்.

அக்கா வீட்டில் பாத்திரம் எதுவும் உடையவில்லை. அவள் இறக்கிவைத்தபடியே, எல்லாம் தரையில் இருந்தன.