முதல் நூற்றைம்பது கிலோமீட்டர்

அன்புள்ள அரூஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் தந்தது நல்ல டயர். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் எனக்குக் களைப்பு வந்துவிடலாம். இந்த ஒரு வரியாவது உங்களிடம் வந்து சேர வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கிய மாஸ்டர், முதல் பந்தியில் காரியம், இரண்டாம் பந்தியில் காரணம், மூன்றாம் பந்தியில் வேண்டுகோள் என்று சொல்லித் தந்தார். இத்தனை வருடமும் அந்த ஒழுங்கில்தான் எழுதி வந்திருக்கிறேன். கெலிஓயாவில் பாதிப் பேருடைய விண்ணப்பமும் முறைப்பாடும் என் கையெழுத்துத்தான். உங்கள் கடைக்கு மின்சாரம் கேட்டு எழுதியதும் நான்தான் என்பது நினைவிருக்கும். இன்றைக்கு அந்த ஒழுங்கு சரிவராது போலிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாப்பா பாரிசவாதத்தில் விழுந்து ஆறு வருடம் கிடந்தார். அவரைப் புரட்ட ஒரு ஆள் போதும். தூக்கிக் கதிரையில் வைக்க இரண்டு பேர் வேண்டும். கல்விக் காரியாலயத்து வேலையை நான் முன்கூட்டியே விட்டதும் அதற்காகத்தான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவேன், நேரத்தைக் கொப்பியில் குறிப்பேன். ஆறு வருடத்தில் அவருடைய முதுகில் ஒரு புண் வரவில்லை. டொக்டரே அதிசயப்பட்டார்.

தம்பி ஃபாஸிலைப் பற்றிக் குறை சொல்ல எழுதவில்லை. கண்டியில் வேலை. இரவில் வந்து வாப்பாவின் காலைப் பிடித்துவிடுவான், பகிடி சொல்லுவான். அவன் வந்தால் வாப்பா வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். எனக்கு அவர் சிரித்ததில்லை. அதில் எனக்கு மனவருத்தம் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன். சனி ஞாயிறு அவன் வீட்டில் இல்லை. அந்த உயரமான பைக்கை எடுத்துக்கொண்டு கூட்டாளிமாரோடு மலையேறிவிடுவான். திரும்பி வரும்போது சேற்றோடு வந்து, பார்த்த இடங்களை வாப்பாவுக்குச் சொல்லுவான். நான் அந்தச் சேற்றைக் கழுவுவேன்.

பழைய டயர் தேய்ந்து புது டயர் பார்க்க வேண்டி வந்தபோது, அவன் கட்டை கட்டையாக வெட்டின காட்டுப்பாதை டயர்தான் கேட்டான். கூட்டாளிமார் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். நான் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், உட்கார்ந்து பார்த்தேன். கொப்பியில் கோடு கீறி எந்த டயர் எந்த ரோட்டுக்கு, எது மழைக்கு, எது மண்ணுக்கு என்று எழுதினேன். நீ ஓடுவதில் பத்தில் ஒன்பது பங்கு தார் ரோட்டுத்தானே, அதுவும் நனைந்த தார் ரோட்டு, அதில் ரோட்டு டயர்தான் வழுக்காமல் பிடிக்கும் என்று விளக்கினேன்.

அவன் சிரித்தான். "நானா, நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி டயர் பாக்குறீங்க. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. நீங்க பாத்தா போதும்."

அந்த மூன்று கிழமையும் என் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. அது முக்கியம் என்பதால் குறிப்பிடுகிறேன். டயரை நான் தெரிவு செய்தது அவன் விழாமல் இருப்பதற்காகத்தான்.

வாப்பாவைத் தூக்கித் தூக்கி எனக்குக் குடலிறக்கம் வந்திருந்தது. இரண்டு முறை பிந்திப்போய் மூன்றாவதாக ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. அதற்குப் பிறகு ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. ஃபாஸில் லீவு போட்டு வீட்டில் நிற்பதாகப் பேச்சு. புதன்கிழமை இரவு வாப்பாவைக் கதிரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவன். அப்போதுதான் சொன்னான், பத்து நாள் லீவு கிடைத்துவிட்டதாம், ஆறு பேராக நாட்டைச் சுற்றி யாழ்ப்பாணம் வரைக்கும் போகிறார்களாம். என்ன திகதி என்று கேட்டேன். சொன்னான். அது என்னுடைய திகதி என்றேன்.

வாப்பாவின் கால்களைப் பிடித்தபடியே நின்றான். "அல்லாவே, மறந்தே போய்ட்டன் நானா. கூட்டாளிமாருக்கு வாக்குக் குடுத்துட்டனே. தள்ளிப் போட ஏலாதா?"

"ஏலும்," என்றேன். நான் எப்போதும் அதைத்தான் சொல்லுவேன்.

மறுநாள் பைக்கை உங்கள் கடைக்குக் கொண்டுவந்தது நான்தான். வாப்பாவைப் பத்து மணிக்குப் புரட்டியிருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் திரும்ப வேண்டும். நீங்கள் டயரைப் போட்டு, சில்லைச் சுழற்றிச் சமன் பார்த்து, காற்றடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னது இதுதான். புது டயரின் மேலே அச்சிலிருந்து வந்த வழுக்கல் இருக்கும், அது தேயும் வரைக்கும் பிடிக்காது. முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும், மழையில் சாய்க்கவே கூடாது. இன்னொன்றும் சொன்னீர்கள். பளபளப்புக்கு பொலிஷ் பூசுவதென்றால் பக்கத்துக்கு மட்டும், ரோட்டில் படுகிற முகத்தில் ஒரு துளி படக்கூடாது.

தம்பிக்குப் போன் எடுத்துச் சொல்லவா என்று நீங்கள் கேட்டீர்கள். பிறகு நீங்களே, "தேவல்ல. ஹமீது நானாக்கிட்ட சொன்னா அவருக்குச் சொன்ன மாதிரித்தானே," என்றீர்கள்.

நம் ஊர் வழக்கம் அது. பெரியவரிடம் சொல்லிவிட்டால் வீட்டுக்குச் சொன்னதாகிவிடும். உங்கள்மேல் பிழையில்லை. நீங்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். வீட்டுக்குப் போய்க் கொப்பியிலும் எழுதினேன். வழக்கமாகச் செய்வதுதான், கை தன்பாட்டில் எழுதியது. அதற்கு முன், உங்கள் கடையிலிருந்து வீடுவரை அந்த ஒரு கிலோமீட்டரை இருபது வேகத்தில், நிமிர்ந்தபடியே ஓட்டி வந்தேன்.

ஃபாஸில் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் வந்து கூட்டாளிமாரோடு போனில் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடியட்டும் என்று பார்த்தேன். முடிந்தது. நான் சொல்லவில்லை. தீர்மானம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பாரத்தைத் தூக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பைக்கைக் கழுவினேன். பொலிஷ் போத்தல் கையில் இருந்தது. பக்கங்களுக்குத்தான் பூசினேன். துணி நிற்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டி ஓரத்துக்குப் போனது. நேராகப் போகும்போது ரோட்டில் படாத, வளைவில் சாய்க்கும்போது மட்டும் படுகிற இடம். துடைத்திருக்கலாம். அப்போது வாப்பாவைப் புரட்டும் நேரம் வந்துவிட்டது.

மாலையில் ஃபாஸில் டயரைக் குனிந்து தடவிப் பார்த்தான். "நானா, இது பிடிக்குமா? நம்பிச் சாய்க்கலாமா?"

"பிடிக்கும்," என்றேன்.

அது பொய்யில்லை. நல்ல டயர். நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பிறகு மிக நன்றாகப் பிடித்திருக்கும்.

சனிக்கிழமை காலை தூறல். அன்றைக்கு அவன் வீட்டில் நிற்பதாக இருந்தான், பயணத்துக்குப் பை கட்ட வேண்டும் என்று. வாப்பாவுக்குத் தேய்க்கிற எண்ணெய் முடிந்துவிட்டது, பன்விலவில் நாட்டு வைத்தியம் பார்க்கிற வெத மாத்தயாவிடம் போய் எடுத்து வா என்று அனுப்பினேன். வத்தேகம தாண்டினால் அந்த ரோட்டில் நேரான இடம் குறைவு என்பது உங்களுக்கும் தெரியும். அலுமாரியில் அரைப் போத்தல் எண்ணெய் இருந்தது.

நான் நினைத்தது என்ன என்று கேட்பீர்கள். ஒரு கணுக்கால். அல்லது காறை எலும்பு. ஆறு கிழமை பிளாஸ்டர். பாரம் தூக்க வேண்டாம் என்று டொக்டர் எனக்குச் சொன்னதும் ஆறு கிழமைதான். கால் முறிந்தவன் வாப்பாவை எப்படித் தூக்குவான் என்ற கேள்வி எனக்கு வராமல் இல்லை. வந்தது. அதற்கு எனக்குப் பதில் இருந்தது. அவன் தூக்க வேண்டாம். வீட்டில் கிடந்தால் போதும். நான் பார்க்கிற வீட்டு முகட்டை அவனும் கொஞ்ச நாள் பார்க்கட்டும்.

பத்தரைக்கு ஃபாஸிலின் போனிலிருந்தே அழைப்பு வந்தது. தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர், சுதேஷ் என்று பேர் சொன்னார்.

"அண்ணே, பன்வில போற வழியிலருந்து பேசுறேங்க. பைக்கு வளைவுல சறுக்கி மதகுல அடிச்சிருச்சு. தம்பி நல்லாத்தான் பேசுறாரு. ஆனா கால அசைக்கச் சொன்னா, அசைச்சிட்டேன்னு சொல்றாருங்க. அசையல."

வாப்பாவைப் புரட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன். பைக் மதகடியில் கிடந்தது. மீட்டரைப் பார்த்தேன். டயர் போட்டதிலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர்.

முள்ளந்தண்டு. இடுப்புக்குக் கீழே இனி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாப்பாவுக்கு நாங்கள் சொல்லவில்லை, ஆனால் விளங்கியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு வாய் திறப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். பதினொரு கிழமையில் மௌத்தானார். நான் பதினொரு கிழமை பொறுத்திருந்தால் ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது. இதை அடிக்கடி கணக்குப் பார்க்கிறேன். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் பதினொன்றுதான் வருகிறது.

ஃபாஸில் இப்போது வாப்பாவின் அறையில், வாப்பாவின் கட்டிலில். அதே கொப்பியில்தான் நேரம் குறிக்கிறேன். அவனுக்கும் புண் வரவில்லை. என் ஒப்பரேஷன் இன்னும் ஆகவில்லை. இடுப்புப் பட்டி போட்டுக்கொண்டு தூக்குகிறேன். அவன் வாப்பாவை விடப் பாரம்.

படுத்தபடியே போனில் வாசித்துத்தான் அவன் புது டயர் வழுக்கும் விஷயத்தைக் கண்டுபிடித்தான். "அரூஸ் நானா உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயா?" என்று கேட்டான். இல்லை என்றேன். முழு விஷயத்திலும் நான் வாய் திறந்து சொன்ன பொய்கள் எண்ணெய் ஒன்று, இது ஒன்று.

மூன்றாவதும் உண்டு. நீங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலருகே நின்று, "ஹமீது நானா, நான் உங்களுக்குச் சொன்னன்தானே, நீங்க திருப்பியும் சொன்னீங்களே," என்று கேட்டபோது, எனக்கு நினைவில்லை என்றேன். ஃபாஸில்தான் பதில் சொன்னான்.

"எங்கட நானா கரண்ட் பில்லையே மூணு தரம் பாக்குற மனிசன். நீங்க சொல்லியிருந்தா எழுதி என்ட ஹெல்மட்ல ஒட்டியிருப்பாரு."

நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். பாவனையாளர் முறைப்பாட்டுக் காரியாலயத்துக்கு உங்கள்மேல் போன முறைப்பாட்டையும் நான்தான் எழுதினேன். ஃபாஸில் சொல்லச் சொல்ல எழுதி, மொழியை மட்டும் திருத்தினேன். அது என் கடிதங்களில் நல்ல கடிதம். அதற்குப் பிறகு பைக் ஓட்டுகிறவர்கள் உங்கள் கடையைத் தாண்டிப் பிலிமத்தலாவைக்குப் போய் டயர் போடுவதாகக் கேள்விப்பட்டேன். டயர் மாற்றும்போது பைக்கைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு தாங்கியையும் விற்றுவிட்டீர்களாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். திகதி, நேரம், நீங்கள் சொன்ன இரண்டு விஷயமும் என் கையெழுத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விசாரணையில் காட்டுங்கள். நான் மறுக்கமாட்டேன். விசாரிக்கிற காரியாலயம் மேல்மாடியில் இருப்பதால் ஃபாஸிலால் வர முடியாது. அவனுக்காக நான்தான் வருகிறேன். முறைப்பாட்டை அங்கேயே கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பேர் சுத்தமாகிவிடும்.

அவன் இப்போது கொஞ்சம் தெம்பாக இருக்கிறான். தள்ளுவண்டிக் கதிரை ஒன்று வாங்கப் போகிறோம். தடித்த, வெட்டு வைத்த டயர் உள்ளதைப் போனில் எனக்குக் காட்டினான். அது இருந்தால் வாசலிலிருந்து ரோட்டு வரைக்கும் தனியாக ஏறலாமாம், கூட்டாளிமார் வந்து கூட்டிப் போவார்களாம். நான் ஒரு கிழமையாகப் பார்த்தேன். வீட்டுத் தரைக்கு மெல்லிய, வழவழப்பான டயர்தான் நல்லது என்று சொன்னேன். எங்கள் வாசல் பாதை சரளைக்கல். அதில் அந்த டயர் ஏறாது. அதை அவன் கேட்கவில்லை. நீங்க பாத்தா போதும் நானா என்று சொல்லிவிட்டான்.

இனி வேண்டுகோள். மாஸ்டர் சொன்ன மூன்றாம் பந்தி.

இந்தக் கடிதத்தில் உள்ளதை நீங்கள் ஃபாஸிலிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அவனுக்குப் போனும் எடுக்க வேண்டாம். படுக்கையில் கிடப்பவனுக்கு எதையும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும், அந்த நேரம் எனக்குத்தான் தெரியும். என்னிடம் சொன்னால் அவனிடம் சொன்ன மாதிரித்தான். நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாஹுல் ஹமீது