கூசேன்வில்லில் எல்லாம் இருக்கிறது

எண்பதுகளில் ஒரு குளிர்கால மாலை. பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் நின்றார்கள். இளையவர், தான் குடியிருக்கும் கூசேன்வில் என்ற புறநகரை வீட்டுத் தரகரைப்போலப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

“முந்தி வெறும் கோதுமை வயல், அண்ணை. இப்ப பாக்கிற பக்கமெல்லாம் வீடு. சனம் கூடிக்கொண்டே போகுது. விமான நிலையம் கிட்ட எண்டபடியால் வேலைக்குக் குறைவில்லை. பிள்ளையளுக்குப் புதுப் பள்ளிக்கூடமும் கட்டிப்போட்டாங்கள்.”

மற்றவர் கேட்டார்: “சுடலை இருக்கோ?”

“என்ன கதை அண்ணை இது? சண்டை முடிய ஊருக்குப் போறதுதானே?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான். போன கிழமை அம்மா செத்து, கொள்ளி வைக்கவே போகேலாமல் போச்சுது. என்ரை செத்தவீடும் இஞ்சைதான், தம்பி.”

ரயில் வந்து நின்றது. ஏறும்போது இளையவர் மெல்லச் சொன்னார்:

“விசாரிச்சுச் சொல்லுறன், அண்ணை. எனக்கும் தெரியத்தானே வேணும்.”